மண்கல்லுக்கு மண் பார்ப்பதும் கலப்பதும்

சூளை மூட்டாமலேயே நல்ல கல் செய்யலாம். லேசாக ஈரப்படுத்திய மண்ணை ஓர் இரும்பு அச்சுக்குள் போட்டு, நீளமான கைப்பிடியாலோ ஹைட்ராலிக் விசையாலோ ஓங்கி அழுத்தினால், விளிம்பு கூர்மையான, கைக்குக் கனமான ஒரு கல் வெளியே வரும். இதுதான் அழுத்த மண்கல். 1950களில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இயங்கிய சின்வா என்ற வீட்டுவசதி மையத்தில், ரவுல் ராமிரெஸ் என்ற பொறியாளர் கையால் இயக்கும் ஒரு சிறிய அழுத்துக் கருவியை உருவாக்கினார். 'சின்வா-ராம்' என்று பெயர் பெற்ற அந்தக் கருவிதான் இந்த முறையைப் பல நாடுகளுக்கும் கொண்டுபோனது. இன்று அதன் வழியில் வந்த கருவிகள் எத்தனையோ இருக்கின்றன.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த மெஷின் நல்லது?" என்றுதான். அந்தக் கேள்வி கொஞ்சம் பொறுக்கலாம். மெஷினுக்குத் தெரிந்தது ஒரே வேலை: உள்ளே போட்டதை நெருக்குவது. கல் காயும்போது வெடிக்குமா, மழையில் கரையுமா, தூக்கும்போதே மூலை உதிருமா என்பதெல்லாம் மண் அச்சுக்குள் விழுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க மண்ணைப் பற்றித்தான்.

மண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

கையில் அள்ளும் மண் பார்க்க ஒரே பொருளாகத் தெரியும். உண்மையில் அது நான்கு அளவுத் துகள்களின் கூட்டம். 2 மி.மீ.க்கு மேல் இருப்பது சரளை. அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரிகிற அளவு வரை, அதாவது சுமார் 0.06 மி.மீ. வரை மணல். அதைவிடப் பொடியாக, தொட்டால் மாவு மாதிரி இருப்பது வண்டல். 0.002 மி.மீ.க்கும் சிறியது களி.

முதல் மூன்றும் ஒரே குணம் கொண்டவை. பாறை உடைந்து வந்த குறுணைகள். தண்ணீர் பட்டாலும் படாவிட்டாலும் அளவு மாறாது. ஒன்றோடொன்று ஒட்டவும் செய்யாது. களி மட்டும் வேறு சாதி. அதன் துகள் உருண்டையாக இருக்காது, மெல்லிய தகடாக இருக்கும். தகடுகளுக்கு இடையில் தண்ணீர் புகுந்தால் அவை விலகி, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். ஈரக் களிமண் வழவழப்பாக இருப்பதும், பிசைந்த வடிவத்தில் அப்படியே நிற்பதும் இதனால்தான். தண்ணீர் வெளியேறும்போது தகடுகள் நெருங்கி வந்து இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அப்போது நடுவில் மாட்டிய மணலையும் சேர்த்துப் பிடிக்கின்றன.

ஆக, மண்கல்லில் மணலும் சரளையும் எலும்பு; களிதான் பசை. ஆனால் இந்தப் பசைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். களி குறைந்தால் கல் பொலபொலவென்று உதிரும். களி கூடினால் கல் காயக் காயச் சுருங்கி, நடுவில் விரிசல் விடும். ஒட்டவும் வேண்டும், சுருங்கவும் கூடாது. மண்கல் வேலை முழுவதும் இந்த இழுபறியைச் சமாளிப்பதுதான். இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் ஒவ்வொரு சோதனையும், ஒவ்வொரு அளவும் ஏன் என்று தானாகவே விளங்கும்.

நான்கு அளவுத் துகள்களும் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே அளவு உருண்டைகளை ஒரு பாத்திரத்தில் கொட்டிக் குலுக்கினால், எவ்வளவு நெருக்கினாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடம் மிஞ்சும். சரளைக்கு இடையிலான இடைவெளியை மணல் அடைக்கிறது. மணலின் இடைவெளியை வண்டல் அடைக்கிறது. கடைசி இடுக்குகளைக் களி நிரப்புகிறது. இப்படி அடைபட்ட மண்ணை அழுத்தும்போதுதான் கல் கெட்டியாகிறது. சலித்துச் சலித்து ஒரே அளவான நைஸ் மண்ணாக்கிக் கொடுத்தால் நல்ல கல் வரும் என்று நினைப்பது தவறு.

சிமெண்ட் கலந்து செய்யும் கல்லுக்கு மண் கட்டுமானத்தை ஆராயும் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் பரிந்துரைக்கும் அளவு இது: சரளை 15 சதவீதம், மணல் 50, வண்டல் 15, களி 20. இதை இலக்காக வைத்துக்கொள்ளலாம். இம்மி பிசகாமல் இருக்க வேண்டும் என்றில்லை. களி கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் சமாளிக்கலாம்.

தோண்டுவதற்கு முன்

மேல்மண் ஆகாது. வேரும் இலைமக்கும் கலந்த கருத்த மேல்மண் செடிக்கு நல்லது, சுவருக்குக் கெடுதல். மக்கு பின்னால் அழுகி இடைவெளி விடும். சிமெண்ட் இறுகுவதையும் தடுக்கும். பொதுவாக ஓர் அடியாவது நீக்கிவிட்டு, வேர் தெரியாமல் போன ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும். நீக்கிய மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்தால் தோட்டத்துக்கு ஆகும். சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பிடி மண்ணை நனைத்து முகர்ந்து பாருங்கள். மக்கிய குப்பை வாடை அடித்தால் இன்னும் ஆழமாகப் போங்கள். உப்புப் பூத்துக் கிடக்கும் மண்ணும் வேண்டாம்.

கையே முதல் ஆய்வுக்கூடம்

ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன்பு கையாலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். கொஞ்சம் மண்ணை நனைத்து உள்ளங்கையில் தேயுங்கள். நறநறவென்றால் மணல். அப்புறம் கையைக் கழுவுங்கள். உடனே விட்டுப் போனால் மணல்தான் அதிகம். மாவு மாதிரி இருந்து, அதிகச் சிரமமில்லாமல் கழுவுப்பட்டால் வண்டல். சோப்பு போட்ட மாதிரி வழுக்கி, ரேகைகளுக்குள் கறையாக நின்று, இரண்டு மூன்று முறை தேய்த்தால்தான் போகிறது என்றால் களி நிறைய இருக்கிறது.

அடுத்தது சுருட்டுச் சோதனை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இதில் மண் தன் குணத்தைத் தானே அளந்து காட்டுகிறது. சரளையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, கையில் ஒட்டாத பதத்துக்கு மண்ணைப் பிசைந்து, சுமார் 3 செ.மீ. தடிமனில் நீளமான சுருட்டாக உருட்டுங்கள். அதை மேசை மேல் வைத்து, மெதுவாக விளிம்புக்கு வெளியே தள்ளிக்கொண்டே போங்கள். அந்தரத்தில் நீளும் பகுதி ஒரு கட்டத்தில் தன் எடை தாங்காமல் முறிந்து விழும். விழுந்த துண்டை அளந்து பாருங்கள். 5 செ.மீ.க்குள் முறிந்தால் ஒட்டும் தன்மை போதாது, மணல் அதிகம். 15 செ.மீ. தாண்டியும் முறியாமல் தொங்கினால் களி அதிகம். இடையில் முறிந்தால் இந்த மண்ணோடு வேலையைத் தொடரலாம். ஒரு முறை செய்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். மூன்று நான்கு முறை செய்து சராசரி எடுங்கள்.

எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டுமென்றால் கண்ணாடி பாட்டில் சோதனை. நேரான பக்கங்கள் உள்ள பாட்டிலில் கால்வாசி மண், மீதி தண்ணீர். மூடி, நன்றாகக் குலுக்கி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் சரளையும் மணலும் அடியில் உட்கார்ந்துவிடும். அந்த மட்டத்தில் ஒரு கோடு. அரை மணி முக்கால் மணி நேரத்தில் வண்டலில் பெரும்பகுதி படியும், இரண்டாவது கோடு. மறுநாள் தண்ணீர் தெளிந்தபின் மேலே படிந்திருப்பது களி, மூன்றாவது கோடு. மொத்த உயரத்தில் ஒவ்வோர் அடுக்கும் எத்தனை பங்கு என்று ஸ்கேல் வைத்துக் கணக்கிடலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தண்ணீரில் களி உப்பியிருக்கும். அதனால் பாட்டில் காட்டும் களி அளவு உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். தண்ணீர் மேல் மிதப்பது இலைமக்கு. அது நிறைய இருந்தால் மண் இன்னும் மேலாகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது.

இவை எல்லாம் களி எவ்வளவு என்று சொல்லும். அது எப்படிப்பட்ட களி என்று சொல்லாது. அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். செம்மண்ணில் பெரும்பாலும் இருக்கும் கயோலினைட் வகைக் களி அடக்கமானது, சுருக்கம் குறைவு. கரிசல் மண்ணில் இருக்கும் மான்ட்மோரில்லோனைட் வகை, தகடுகளுக்கு உள்ளேயே தண்ணீரை இழுத்துக்கொண்டு பல மடங்கு உப்பும். இரண்டு மண்ணும் பாட்டிலில் ஒரே உயரம் காட்டலாம். காயும்போது நடந்துகொள்வது முற்றிலும் வேறு. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதைக் கண்டுபிடிக்கத்தான் சுருக்கப் பெட்டி. உட்புறம் 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழம் உள்ள மரப்பெட்டி ஒன்று போதும். உள்ளே எண்ணெய் தடவி, சாந்துப் பதத்தில் குழைத்த மண்ணை மூலை வரை இடித்து நிரப்பி, மேலே மட்டம் தட்டி, வெயிலில் 3 நாள் அல்லது நிழலில் 7 நாள் காயவிட வேண்டும். காய்ந்த மண் இரு முனைகளிலிருந்தும் விலகியிருக்கும், நடுவிலும் கீறல் விட்டிருக்கும். துண்டுகளை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளி நெருக்கினால் மறுமுனையில் ஒரே இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளிதான் மண்ணின் சுருக்கம்.

சின்வா-ராம் காலத்திலிருந்தே புழக்கத்தில் இருக்கும் ஒரு கணக்கு, இந்த இடைவெளியை வைத்தே சிமெண்ட் அளவைச் சொல்லிவிடுகிறது. சுமார் 1.25 செ.மீ. வரை சுருங்கினால் 18 பங்கு மண்ணுக்கு 1 பங்கு சிமெண்ட். 2.5 செ.மீ. வரை என்றால் 16 பங்குக்கு 1. சுமார் 4 செ.மீ. வரை 14 பங்குக்கு 1. 5 செ.மீ. வரை 12 பங்குக்கு 1. இவை எடையல்ல, ஒரே பக்கெட்டால் அளக்கும் அளவு. 5 செ.மீ.க்கு மேல் போனால் சிமெண்டைக் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. மண்ணைத்தான் மாற்ற வேண்டும், அல்லது மணல் கலக்க வேண்டும்.

கலப்புக் கணக்கு

பாட்டில் உங்கள் மண்ணில் களி 35 சதவீதம் என்று காட்டுகிறது, வேண்டியது 20 என்று வைத்துக்கொள்வோம். மணலில் களி இல்லை. 4 பங்கு மண்ணோடு 3 பங்கு மணல் சேர்த்தால் மொத்தம் 7 பங்கு. களி 4 பெருக்கல் 35, அதாவது 140. அதை 7ஆல் வகுத்தால் 20. முடிந்தது. சேர்க்கும் மணல் பருவட்டும் பொடியும் கலந்ததாக இருக்கட்டும். கடல் மணலில் உப்பு இருக்கும், அது வேண்டாம்.

மண் மணற்பாங்காக இருந்தால் கணக்கு மறுபக்கம். களி 10 சதவீதம் உள்ள மண் 5 பங்கு, 45 சதவீதம் உள்ள களிமண் 2 பங்கு: 50ம் 90ம் சேர்ந்து 140, வகுத்தால் அதே 20. கணக்கு சுலபம், வேலைதான் கடினம். களிமண்ணை ஈரமாக வெட்டி மணலோடு போட்டால் கலக்காது. உருண்டை உருண்டையாக நின்றுவிடும். அதை முதலில் பரப்பிக் காயவைத்து, கட்டியை உடைத்துப் பொடியாக்கி, காய்ந்த நிலையில்தான் கலக்க வேண்டும். உடையாத ஒரு நெல்லிக்காய் அளவுக் களிக்கட்டி கல்லுக்குள் போனால், முதல் மழையில் அது மட்டும் உப்பி, அந்த இடத்தில் சுவர் முகத்தில் ஒரு குழி விழும்.

சலிப்பதும் இதற்காகத்தான். 5 முதல் 10 மி.மீ. கண் உள்ள சல்லடையைச் சாய்த்து நிறுத்தி, மண்ணை மேலிருந்து வீசினால் பெரிய கல்லும் கட்டியும் முன்னால் உருண்டு விழும். சல்லடையை நிமிர்த்தினால் நைஸாக விழும், படுக்க வைத்தால் பருவட்டாக விழும். அதனால் ஒரு முறை வைத்த சாய்வை வேலை முடியும்வரை மாற்றாதீர்கள்.

சிமெண்டா, சுண்ணாம்பா?

எதையும் சேர்க்காமலும் மண்கல் செய்யலாம். உள்சுவருக்கும், நல்ல கூரையும் உயர்ந்த அடித்தளமும் உள்ள கட்டடத்துக்கும் அது போதும். ஆனால் அந்தக் கல்லைத் தண்ணீரில் போட்டால் மறுபடி மண்ணாகிவிடும், ஏனென்றால் களியின் பிடிப்பு காய்ந்திருக்கும்வரைதான். நனைந்தாலும் நிற்க வேண்டுமென்றால் தண்ணீருக்கு அசராத இன்னொரு பசை தேவை.

மணல் அதிகமுள்ள மண்ணுக்கு சிமெண்ட். அது மணல் துகள்களைப் பிணைத்து ஒரு வலை மாதிரி கட்டிவிடுகிறது. சராசரியாக மண்ணின் எடையில் 5 சதவீதம் போதும். 50 கிலோ மூட்டை ஒன்று 1,000 கிலோ உலர்ந்த மண்ணுக்கு வரும், 29 செ.மீ., 14 செ.மீ., 9 செ.மீ. அளவுள்ள கல் காய்ந்தபின் ஏறத்தாழ 7 கிலோ இருக்கும் என்பதால், ஒரு மூட்டைக்குச் சுமார் 150 கல்.

களி அதிகமாக இருந்தால் சிமெண்ட் அங்கே திணறும். தகடுகளைச் சுற்றிப் பிடிக்க அதனால் முடியாது. அந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு. அது களியோடு நேராகவே வினைபுரிகிறது. கலந்த சில மணி நேரத்திலேயே பிசுபிசுப்பு போய் மண் பொலபொலப்பாகும். பின்னர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல இறுகும். சுண்ணாம்பென்றால் நீற்றிய சுண்ணாம்புப் பொடி. சுண்ணாம்புக் கல்லை வெறுமனே அரைத்து வயலுக்குப் போடும் தூள் இந்த வேலைக்கு உதவாது. இரண்டும் வெள்ளைப் பொடி என்பதால் மாறிப்போகும், கவனம். எதைக் கையாண்டாலும் கையுறையும் முகமூடியும் போடுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விபரீதம்.

தண்ணீர் விடும் நேரம்

முதலில் காய்ந்த கலவை. மண்ணைப் பரப்பி, மேலே மணல், அதற்கு மேலே சிமெண்ட். குவியலை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மண்வெட்டியால் புரட்டி மாற்றுங்கள், பிறகு திரும்பவும் மாற்றுங்கள். சாம்பல் நிறக் கோடு எங்கேயாவது தெரிந்தால் இன்னும் கலக்கவில்லை. நிறம் ஒன்றானபின்தான் தண்ணீர்.

தண்ணீரைப் பக்கெட்டோடு கொட்டவே கூடாது. பூவாளியால் தெளித்துக்கொண்டே புரட்ட வேண்டும். ஓரிடத்தில் கொட்டினால் அங்கே சேற்று உருண்டை, பக்கத்தில் காய்ந்த பொடி. பெரும்பாலான மண்ணுக்கு எடையில் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் தண்ணீர் தேவைப்படும். பார்த்தால் ஈரமே போதாத மாதிரி இருக்கும். சாந்து குழைத்துப் பழகிய கைக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றத் தோன்றும், ஊற்றாதீர்கள். இங்கே தண்ணீரின் வேலை துகள்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நெருங்க உதவுவதுதான். குறைந்தால் துகள்கள் உரசி நின்றுவிடும், கல் உதிரும். கூடினால் தண்ணீரே இடத்தை அடைத்துக்கொள்ளும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. அது காய்ந்து போன இடமெல்லாம் கல்லுக்குள் ஓட்டையாக மிஞ்சும்.

சரியான ஈரத்துக்கு ஓர் எளிய சோதனை. ஒரு கைப்பிடி கலவையை எடுத்து இறுக்கிப் பிடித்து உருண்டையாக்குங்கள். விரலைத் திறந்தால் உருண்டை அப்படியே நிற்க வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. கையை நெஞ்சுயரத்தில் நீட்டி, கெட்டியான தரையில் உருண்டையை விடுங்கள். நான்கைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. பொடியாகச் சிதறினால் இன்னும் ஒரு சுற்று பூவாளி. தட்டையாகி ஒரே உருண்டையாகக் கிடந்தால் தண்ணீர் கூடிவிட்டது. காய்ந்த கலவையைச் சேர்த்துப் புரட்டுங்கள். காலையில் சரியாக இருந்த பதம் நண்பகல் வெயிலில் மாறிவிடும். அதனால் ஒவ்வொரு குவியலுக்கும் இதைச் செய்யுங்கள். பத்து வினாடி வேலை.

சிமெண்டில் தண்ணீர் பட்டதும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அரை மணி நேரத்துக்குள் அழுத்தி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் நனையுங்கள். மிஞ்சிய கலவை இறுக ஆரம்பித்தபின் திரும்பத் தண்ணீர் தெளித்து எழுப்பினால், கட்டிக்கொண்டிருந்த பிணைப்பைத்தான் உடைக்கிறோம். சுண்ணாம்புக் கலவைக்கு இந்த அவசரம் இல்லை. ஒரு நாள் மூடி வைத்துவிட்டு மறுநாள் அழுத்தினாலும் நல்லதே.

அச்சுக்குள் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மண் விழ வேண்டும். முதல் பத்துக் கல்லை எடை போட்டுப் பார்த்து, கை பழகியபின் அளவுப் பாத்திரத்திலேயே கோடு போட்டுக்கொள்ளலாம்.

மாதிரிக் கல்

மொத்தமாக ஆரம்பிப்பதற்கு முன் மூன்று விதக் கலவையில் ஐந்தைந்து கல் போடுங்கள். சிமெண்ட் 4, 5, 7 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கல்லிலும் ஆணியால் எண்ணைக் கீறிவிடுங்கள். முதல் இரண்டு நாள் தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி, பிறகு அடுக்கி, ஈரச் சாக்கு போர்த்தி, 28 நாள் வரை தண்ணீர் காட்டுங்கள். சிமெண்ட் கல்லை வெயிலில் காயப்போடுவது அதன் பலத்தைப் பாதியில் நிறுத்துவதற்குச் சமம்.

பிறகு ஒவ்வொரு கலவையிலும் இரண்டை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வைத்து எடுங்கள். நகத்தால் கீறுங்கள், மூலையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நனைந்த கல்லின் பலம் காய்ந்ததில் பாதி அளவுக்கு இறங்குவது இயல்பு. ஆனால் மூலை குழையக் கூடாது, பக்கெட்டின் அடியில் சேறு சேரக் கூடாது. மாடிக் கட்டடம் என்றால் இதோடு நிறுத்தாமல் ஆய்வகத்தில் அழுத்தச் சோதனையும் செய்துவிடுங்கள். தேறிய கலவைகளில் சிமெண்ட் குறைவானது எதுவோ அதை எடுத்துக்கொண்டு, அதன் பக்கெட் கணக்கை ஒரு பலகையில் எழுதி, கலக்கும் இடத்தில் மாட்டுங்கள். குழி ஆழமாகப் போகப் போக மண்ணின் நிறம் மாறும். நிறம் மாறிய அன்று அந்தப் பலகையில் உள்ள கணக்கு செல்லாது; சுருட்டையும் பாட்டிலையும் சுருக்கப் பெட்டியையும் மறுபடி எடுக்க வேண்டும்.